பச்சைக் கோடும் மூன்று புள்ளியும்

புஷ்பராணியின் குரல் காலை ஆறரை மணிக்குக் கைப்பேசியில் வந்து விழுந்தது. "அண்ணை, உங்கட குப்புறப் புரட்டிப் பாக்கிற வேலை ஒண்டு இஞ்ச இருக்கு. எனக்குக் கனடா விசா வந்திட்டுது. ஞாயிற்றுக்கிழமை பிளேன். அதுக்கு முதல் வாங்கோ."

என் மனைவி பக்கத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "போய்ட்டு வாங்க. இந்த வேலைக்கும் உங்களைக் கூப்பிட ஒரு ஊர் இருக்கே," என்றாள்.

அந்த வேலை இதுதான். நான் காரைக்குடித் தபால் நிலையத்தில் வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். அந்தப் பாவத்துக்கோ என்னவோ, பழைய பீங்கான் பைத்தியம் பிடித்துக்கொண்டது. எந்தத் தட்டைக் கண்டாலும் திருப்பி, அடியில் இருக்கும் தொழிற்சாலை முத்திரையைப் படிக்காமல் கை நிற்காது. சம்பந்தி வீட்டில் பாயசம் இருந்த கிண்ணத்தையே தூக்கி அடியைப் பார்த்து, வேட்டியெல்லாம் பாயசமாக நின்றவன் நான். வீட்டில் முந்நூறு தட்டுகளுக்கு மேல் இருக்கின்றன. நாங்கள் சாப்பிடுவது எவர்சில்வரில்.

புஷ்பராணியும் அவள் கணவர் தவராசாவும் ஒரு காலத்தில் இலங்கைப் போருக்குத் தப்பிப் படகேறி வந்து, எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடம் குடியிருந்தவர்கள். பிறகு ஊர் திரும்பிவிட்டார்கள். கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்தில் வயல் செய்கிறார்கள். அவள் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது.

கொழும்பில் ரயிலேறும் முன் நிலையத்துக் கடையில் டீ வாங்கினேன். கோப்பையும் சாசருமாகக் கொடுத்தார்கள். நம் ஊர் டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் படிக்க என்ன இருக்கிறது? இங்கே சாதாரணச் சாசருக்கும் அடியில் முத்திரை உண்டு. விடுவேனா. திருப்பினேன், சாசரில் தேங்கியிருந்த டீ சட்டைக் கைக்குள் போயிற்று. எதிரே இரண்டு சிங்களப் பெண்கள் என்னைப் பார்த்துப் பேசிச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த வவுனியாக்காரர் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். ஒருத்தி, "ஐயாவுக்குக் கோப்பை சுத்தமா என்று சந்தேகம்" என்றாளாம். மற்றவள், "இல்லை, விலை ஒட்டியிருக்கா என்று பார்க்கிறார்" என்றாளாம்.

செவ்வாய்க்கிழமை மாலை கிளிநொச்சி நிலையத்தில் புஷ்பராணி ஸ்கூட்டியோடு நின்றாள். தலைக்கவசத்தை என் தலையில் கவிழ்த்து, வாரை இறுக்கி, "கதைக்காம இருங்கோ, பூச்சி வாய்க்குள்ள போகும்," என்றாள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம், இருபுறமும் பச்சை வயல். எங்கள் சீமையில் தண்ணீர் இப்படி ஓடிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. கதைக்காதே என்றதை மறந்து "அடடா" என்று வாயைத் திறந்தேன். பூச்சி போயிற்று.

இராத்திரிச் சாப்பாடு புட்டும் இரணைமடு மீன் குழம்பும். அந்த மீனுக்கு இங்கே யப்பான் மீன் என்று பெயர். அதைத் திருப்பிப் பார்த்தால் யப்பான் முத்திரை இருக்குமா என்று கேட்டேன். தவராசா அதிகம் பேசாத மனிதர். அவரே சிரித்துவிட்டார்.

சாப்பிட்ட பிறகு புஷ்பராணி விஷயத்துக்கு வந்தாள். போரின் கடைசி இடப்பெயர்வில் இவர்களும் வீட்டைப் போட்டுவிட்டு ஓடியவர்கள்தான். ஆளில்லாமல் கிடந்த வளவில், அதாவது வீட்டைச் சுற்றிய நிலத்தில், வழியோடு போன எத்தனையோ குடும்பங்கள் தங்கிப் போயிருக்கின்றன. சுமக்க முடியாததை அங்கங்கே மண்ணில் புதைத்துவிட்டும் போயிருக்கின்றன.

"நாங்கள் திரும்பி வந்து தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு வெட்டேக்க ஒரு நீலப் பரல் வந்திச்சுது. திறந்து பாத்தால் சீலை சுத்தின பீங்கான். பன்ரெண்டு கோப்பை, ஒரு பெரிய சட்டி. சட்டிக்கு மூடி இல்லை." பரல் என்று அவள் சொன்னது பீப்பாயை, கோப்பை என்றது சாப்பாட்டுத் தட்டை. "அண்டையிலயிருந்து வச்சிருக்கிறன். ஒருநாளும் அதில சாப்பிட்டதில்லை அண்ணை. ஆரோ ஒரு பொம்பிளை ஆசையா வச்சிருந்த சாமான். குடுத்துப்போட்டுத்தான் நான் பிளேன் ஏறோணும்."

"முத்திரை தொழிற்சாலையைத்தான் சொல்லும் தங்கச்சி. வீட்டுக்காரரைச் சொல்லாதே."

"நீங்கள் ஒருக்காப் பாருங்கோ. கிடைக்காட்டி நீங்களே கொண்டு போங்கோ. உங்களிட்ட எண்டால் உடையாமல் இருக்கும்."

அங்கேதான் சனியன் புகுந்தது. புதன்கிழமை காலை அவள் தட்டுகளை வைத்திருந்த பெட்டியைத் திறந்து முதல் தட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். என் விரல்களின் நிழல் தட்டின் இந்தப் பக்கம் தெரிந்தது. நகத்தால் தட்டினால் மணி போல் நீளமாக ஒலித்தது. வெள்ளை உடம்பு, விளிம்பில் ஒரு மெல்லிய தங்க வரி, வேறு ஆரவாரம் இல்லை. நல்ல இங்கிலாந்துச் சரக்கு. இருபது வருடமாகத் தேடியும் என் கைக்கு வராத ரகம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உரியவர் கிடைக்கக்கூடாது என்று அந்த நிமிடம் என் மனம் ஆசைப்பட்டது.

முத்திரையைப் படிப்போம் என்று திருப்பினால், அதன் மேல் பச்சைப் பெயின்ட் தீற்றியிருந்தது. எல்லாத் தட்டுகளிலும் அப்படியே. அந்த வீட்டுக் கதவு சன்னலெல்லாம் போன மாதம்தான் பச்சை அடித்திருந்தார்கள். பெட்டியும் சன்னலுக்குக் கீழே இருந்தது. பார்த்து அடிக்க மாட்டார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே, தவராசா மிச்சம் வைத்திருந்த தின்னர் போத்தலையும் பழைய பனியனையும் எடுத்து உட்கார்ந்தேன். தொழிற்சாலை முத்திரை பளபளப்புப் பூச்சுக்கு அடியில் அச்சானது, தின்னருக்கு அசையாது. மேலே இருக்கும் அழுக்கு மட்டும் போகும். எனக்கு இதைவிடச் சுகமான வேலை உலகத்தில் இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டு துடைத்தேன்.

பதினோரு தட்டும் சட்டியும் பளிச்சென்று ஆயின. ஒவ்வொன்றிலும் ஒரு கிரீடம், கீழே நாட்டின் பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் கண்டியில் இருந்த ஏதோ ஒரு கடையின் பெயர். பன்னிரண்டாவது தட்டு எப்போதோ இரண்டாக உடைந்து, கம்பிக் கொக்கிகளால் தைத்துச் சேர்க்கப்பட்டது. சேகரிப்பவர்கள் கணக்கில் அதற்கு மதிப்பில்லை. துடைக்கச் சோம்பல்பட்டு ஓரமாக வைத்தேன்.

பதினொரு மணிக்குப் புஷ்பராணி பால் விடாத பிளேன் டீ கொண்டுவந்தாள். வரிசையாகக் கவிழ்த்திருந்த தட்டுகளைப் பார்த்தாள். டீயைத் தரையில் வைத்தாள்.

"அண்ணை, அந்தப் பச்சை எங்க?"

"துடைச்சாச்சும்மா. நல்ல வேளை, பெயின்ட் காஞ்சிருந்தாலும் தின்னருக்கு வந்துடுச்சு."

அவள் சமையலறைக்குள் போய், ஒரு எவர்சில்வர்த் தட்டையும் ஒரு பெரிய கரண்டியையும் எடுத்து வந்து திருப்பிக் காட்டினாள். இரண்டிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு சின்னச் சிலுவைக் கோடு.

"இது எங்கட வீட்டுக் குறி. கலியாண வீடு, செத்த வீடு எண்டால் ஊரில எல்லாருமே சாமான் குடுப்பினம். திரும்பி வரேக்க மாறாமல் இருக்க அடியில குறி போடுறது. அந்தப் பச்சைதான் அண்ணை அவையளின்ர பேர்."

எங்கள் ஊரிலும் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோம். அண்டாவில் தாத்தா பெயர் இருக்கும். பீங்கானில் வெட்ட முடியாது, அதனால் பூசுவார்கள் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றும். முந்நூறு தட்டைத் திருப்பியவனுக்குத் தோன்றவில்லை. கிரீடத்தைப் படிக்கும் அவசரத்தில் சொந்தக்காரரைத் துடைத்து எறிந்துவிட்டேன். அதுவும், கிடைக்கக்கூடாது என்று ஆசைப்பட்ட அதே காலையில். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அழுகையே வந்துவிட்டது.

"தெரியாமச் செஞ்சது தங்கச்சி," என்றேன்.

"ஓம், தெரியும். ரீயைக் குடியுங்கோ," என்றாள். ஆனால் அவள் முகம் தொங்கித்தான் போயிருந்தது.

டீயைக் குடித்தபோதுதான் ஓரமாகக் கிடந்த தைத்த தட்டு நினைவுக்கு வந்தது. பாய்ந்து எடுத்துத் திருப்பினேன். கிரீடத்தின் மேல் பச்சையில் ஒரு கோடு, அதன் கீழே மூன்று புள்ளிகள். என் சோம்பலுக்கு நான் அப்படிக் கும்பிடு போட்டது கிடையாது.

"இந்தக் குறியை நான் எல்லாரிட்டயும் கேட்டுப் பாத்தனான்," என்றாள் புஷ்பராணி. "கோயில், வாசிகசாலை, மாதர் சங்கம், ஒரு இடம் விடேல்லை. ஒருத்தருக்கும் தெரியேல்லை."

இப்போது என் முறை. கண்டிக் கடையின் பெயரைக் காட்டினேன். "இது மலைநாட்டுல விற்ற சரக்கு. இந்த ரகத்தை அங்க யாரு வாங்குவா? தேயிலைத் தோட்டத்துத் துரைதான். துரை பங்களாச் சாமான் இங்க எப்படி வந்துச்சு?"

புஷ்பராணி தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். இந்த வன்னிப் பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களும் உண்டு, நம் ஊர்ப் பக்கமிருந்து அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டக் கூலிக்குப் போய், கலவரங்களில் அடித்து விரட்டப்பட்டு வந்த மலையகத்து மக்களும் உண்டு. இவள் முதல் வகை. "அண்ணை, நான் எங்கட ஆக்களிட்ட மட்டும்தான் கேட்டனான்," என்று மெதுவாகச் சொன்னாள். "தோட்டத்தால வந்த ஆக்களிட்ட இப்பிடிச் சாமான் இருக்கும் எண்டு எனக்கு யோசனையே வரேல்லை. எங்கட வயலில நாத்து நட வாறவையிட்டக் கூடக் கேக்கேல்லை. எவ்வளவு மடைத்தனம்."

ஆக, குற்றவாளிகள் இரண்டு பேர். டீ ஆறிவிட்டது. இன்னொன்று போடச் சொன்னேன்.

வியாழக்கிழமை பாரதிபுரத்துக்குப் புறப்பட்டோம். கிளிநொச்சிக்குப் பக்கத்திலிருக்கும் மலையகக் குடியிருப்பு அது. அங்கே மாரிமுத்து என்று ஒரு கல்யாணச் சமையல்காரர் இருக்கிறார், அவருக்குத் தெரியாத அண்டா இல்லை என்று தவராசா சொல்லியிருந்தார். தைத்த தட்டைத் துண்டில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தேன். வாய்க்கால் திருப்பத்தில் ஒரு மாட்டுக்கூட்டம் வந்தது. புஷ்பராணி பிரேக் போட்டாள், தட்டு என் விலாவில் இடித்தது, நான் "தட்டு தட்டு" என்று கத்தினேன். "உங்களுக்கு ஒண்டும் இல்லையோ எண்டு கேக்க வந்தன், இனிக் கேக்கேல்லை," என்றாள். அங்கிருந்து நூறு அடி போவதற்குள் டயரில் முள் ஏறிக் காற்றுப் போய்விட்டது. நெல் மூட்டை ஏற்றிப்போன உழவு மிசின் என்கிற டிராக்டரின் பெட்டியில் ஸ்கூட்டியையும் எங்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டார்கள். மூட்டைமேல் மல்லாந்து, வயிற்றில் தட்டோடு, வானம் பார்த்துக்கொண்டு போனேன். கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொகுசு தெரியாது.

மாரிமுத்து முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. "வாங்க சார், உக்காருங்க," என்றார். தட்டைக் கொடுத்தேன். கிரீடத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்டைவிரலால் பச்சையைத் தடவினார்.

அவர் வாயைத் திறப்பதற்குள், தெரியாது என்று சொல்லிவிடுவாரோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நேற்றுக் காலை எதை விரும்பினேனோ அதற்கு இன்று பயந்தேன்.

"பச்சை லைனு. மூணாம் வீடு," என்றார் மாரிமுத்து.

தோட்டத்தை விட்டு வந்த புதிதில் இவர்கள் அக்கராயன் பக்கம் காடு வெட்டிக் குடிசை போட்டார்களாம். தோட்டத்தில் லைன் என்று சொல்லும் லயங்களைப் போலவே வரிசை வரிசையாகத்தான் போட வந்ததாம். வேறு மாதிரிப் போட யாருக்கும் தெரியவில்லை. விசேஷத்துக்குப் பாத்திரம் இரவல் கொடுக்க, வரிசைக்கு ஒரு நிறம், வீட்டு எண்ணுக்குப் புள்ளி. "நான் மஞ்ச லைனு, அஞ்சாம் வீடு," என்று தன் கரண்டியைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் கோடு, ஐந்து புள்ளி. "கல்யாண வீட்டுல ஒரு கரண்டி மாறிப் போனாலும் சமையக்காரன் தலைதான் உருளும் சார். அதனால எல்லா லைனும் மனப்பாடம்."

"மூணாம் வீட்டில ஆர் இருந்தவை?" என்றாள் புஷ்பராணி.

"பார்வதி அக்கா. பங்களா குக்கு மக. இப்ப தருமபுரத்துல ரோட்டோரமா ரொட்டிக் கடை வச்சிருக்காங்க." தட்டைத் திருப்பித் தர மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். "எங்க ஆளுங்க கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைக்கு மொத சோறு இந்தத் தட்டுலதான் சார். எனக்கும் இதுலதான் போட்டாங்க."

வெள்ளிக்கிழமை தவராசா வைக்கோல் கொண்டுவந்து, தட்டுகளைச் சாக்கில் பொதிந்து, ஆட்டோவில் ஏற்றினார். சட்டி என் மடியில். பரந்தன் தாண்டி முல்லைத்தீவு வீதியில் ஆட்டோக்காரர் நாங்கள் கேட்டுக்கொண்டபடி அவ்வளவு மெதுவாக ஓட்டினார். சைக்கிளில் வாழைக்குலை கட்டிப் போன ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார். "பிள்ளைத்தாச்சியோ உள்ளுக்க?" என்று கேட்டார். புஷ்பராணி தலையை நீட்டி, "ஓம், ஐயாதான்," என்றாள்.

தகரக் கூரைக் கடை. கல்லில் தேங்காய் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. பார்வதி அக்காவுக்கு அறுபது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு, கையில் மாவு. புஷ்பராணி விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். உருத்திரபுரம், வளவு, நீலப் பரல் என்று மூன்று சொல் போயிருக்கும். பார்வதி அக்கா கையைக்கூடக் கழுவாமல் கடைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு மூடி இருந்தது. வெள்ளை மூடி, தங்க வரி. உட்புறம் பச்சைக் கோடு, மூன்று புள்ளி.

என் மடியிலிருந்த சட்டியின் மேல் அதை வைத்தாள். சத்தம்கூட வரவில்லை. அப்படிப் பொருந்தியது.

"தொரை சீமைக்குப் போறப்ப எங்க அப்பாவுக்குக் குடுத்தாரு," என்றாள். "தோட்டத்துல அடிச்சப்பவும் அப்பா இதத்தான் தூக்கிட்டு ஓடியாந்தாரு. எனக்குத் தூக்க முடியல. பொதைச்சுட்டு மூடிய மட்டும் எடுத்துக்கிட்டேன். வேற யாராச்சும் எடுத்தா, எங்களுதுன்னு காட்ட ஒரு அத்தாட்சி வேணுமில்ல. முள்ளிவாய்க்கால் வரைக்கும் கூடவே வந்துச்சு. இதக் கவுத்துப் புடிச்சுத்தான் புள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்துனேன். அப்பறம் ரெண்டு தடவ தேடி வந்தேன். மரமெல்லாம் போச்சு, வேலியெல்லாம் மாறிப் போச்சு. எந்த வீடுன்னு தெரியல. சனங்க புள்ளைகளத் தேடிக்கிட்டு நின்ன நேரம், நான் போயி தட்டு இருக்கான்னு எப்படிக் கேக்குறது?"

புஷ்பராணி அவள் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் ஊரெல்லாம் கேட்டனான் அக்கா. உங்கட ஆக்களிட்ட மட்டும் கேக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நாந்தான் கேக்கலைன்னு சொல்றேன், நீங்க வேற. அழுவாதீங்க, ரொட்டி கருகுது."

ரொட்டி உண்மையிலேயே கருகிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். ஆட்டோக்காரர்தான் ஓடிப்போய்த் திருப்பிப் போட்டார்.

தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிய பார்வதி அக்கா, "நம்ம புள்ளியக் காணோமே," என்றாள். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு இந்தத் தட்டுகள் மேல் ஆசை வந்ததையும் சேர்த்துத்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பேத்தியின் நகப்பூச்சுப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"அழிச்சவரே போடுங்க. பச்சை இல்ல, செவப்புதான் இருக்கு. லைனும் வேணாம், இப்ப இங்க லைனு ஏது? மூணு புள்ளி போதும்."

பழைய பீங்கானில் பெயின்ட் தீற்றுகிறவனைக் கண்டால் கையை ஒடிக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை சொன்னவன் நான். அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கிரீடத்துக்குப் பக்கத்தில், அதன்மேல் படாமல், மும்மூன்று புள்ளியாக வைத்தேன். தைத்த தட்டின் பச்சையைத் தொடவில்லை. சட்டியும் பத்துத் தட்டும் முடிந்ததும் பதினொன்றாவதைப் பார்வதி அக்கா பிடித்துக்கொண்டாள்.

"இதுல ஒங்க குறி போடுங்க. வர்றப்ப எல்லாம் ஒங்களுக்கு இதுலதான் சாப்பாடு. ஆனா கொண்டு போகக் கூடாது. என் வீட்டு அலுமாரியிலதான் இருக்கும்."

எனக்கென்று ஒரு குறி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உலகத்துத் தொழிற்சாலைகளின் முத்திரையெல்லாம் சொல்வேன். தூரிகையைப் பிடித்தபடி முழித்தேன். கடைசியில் வட்டமாக ஒன்று போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். தபால் முத்திரை. கை அதைத்தான் போட்டது.

பூச்சுக் காயும்வரை தட்டுகளை நிமிர்த்தக் கூடாது. பசியோ உயிரை எடுத்தது. கல்லிலிருந்து ரொட்டியும், அம்மியிலிருந்து மிளகாய்ச் சம்பலும் வாசனை அடிக்க, கவிழ்ந்து கிடக்கும் தட்டுகளைச் சுற்றி நான்கு பேரும் ஊதிக்கொண்டிருந்தோம். பிறகு சாப்பிட்டேன். நாலு ரொட்டி. பார்வதி அக்கா ஐந்தாவதை வைத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. புஷ்பராணிக்கு மணமக்களுக்குப் போடும் தைத்த தட்டையே கொடுத்தாள். எத்தனையோ வருடம் பத்திரமாக வைத்திருந்து ஒருநாளும் சாப்பிடாதவள், அன்று வழித்துத் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பராணி பிளேன் ஏறினாள், இலேசாகத்தான் ஏறினாள். நானும் ஊர் திரும்பினேன். என் பையைப் பிரித்து, வைக்கோல் துரும்பைத் தவிர ஒன்றும் இல்லாததைப் பார்த்த மனைவிக்குச் சந்தேகம். "ஒரு தட்டுகூடவா கிடைக்கல?"

"கிடைச்சுது. அங்கயே இருக்கு," என்று முழுக் கதையையும் சொன்னேன்.

அவள் கேட்டு முடித்து, எழுந்து போய், அலமாரியைத் திறந்து இரண்டு தட்டு எடுத்து வந்தாள். செருமானியச் சரக்கு, பூப்போட்டது, யாரையும் நான் தொடவிடாதது. கழுவித் துடைத்து, அதில் சோற்றைப் போட்டாள். நான் திருப்பிப் பார்க்கவில்லை. சாப்பிட்டேன்.